பெட்டியில் 1000 லுமன், பாலக்கோடு ரோட்டில் எவ்வளவு? மலிவு சைக்கிள் லைட்டைச் சோதிப்பதும் திருத்துவதும்

தருமபுரி நான்கு ரோடு பக்கமோ கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமோ போனால், செல்போன் உதிரிக் கடைகளில் 250 ரூபாயிலிருந்து 600 ரூபாய் வரை எல்.இ.டி. சைக்கிள் லைட்டுகள் தொங்கும். ‘1000 லுமன், 6 மணி நேரம், டி6, வாட்டர்ப்ரூஃப்’ என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். மாட்டிய முதல் பத்து நிமிடம் பிரமாதமாக எரியும். அரை மணியில் மங்கும், ஒரு மணியில் அகல் விளக்காகிவிடும். கடைக்காரரிடம் கொடுத்து வேறு வாங்கினாலும் இதே கதைதான், ஏனென்றால் முதலாவது கெட்டுப்போகவில்லை. அதைக் கட்டியிருக்கும் விதமே அப்படி.

ஒரு மல்டிமீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி மீட்டர், கையிலிருக்கும் செல்போன் ஆகியவற்றை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பாதிக்கு மேல் திருத்தவும் முடியும். திருத்தம் என்றதும் வெளிச்சத்தைக் கூட்டும் வேலை என்றுதான் பலரும் இறங்குகிறார்கள். இந்த ரக லைட்டில் மின்னோட்டத்தைக் குறைத்தால்தான் சாலை நன்றாகத் தெரியும். கேட்க முரணாக இருக்கும். கணக்கு போட்டால் விளங்கும்.

தெரிந்திருக்க வேண்டிய நான்கு அளவுகள்

1. வாட்: எல்.இ.டி. ஒரு நொடியில் தின்னும் மின்சாரம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது.
2. வாட்-மணி: பேட்டரியில் இருக்கும் மொத்தச் சரக்கு. எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) கணக்கை 1000-ஆல் வகுத்து 3.7 வோல்ட்டால் பெருக்கினால் கிடைக்கும்.
3. லுமன்: விளக்கிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் மொத்த ஒளி.
4. லக்ஸ்: ஓரிடத்தில் வந்து விழும் ஒளி. மோட்டார் மொத்தமாக இறைக்கும் தண்ணீர் லுமன் என்றால், ஒரு பாத்தியில் பாய்வது லக்ஸ். தூரம் இரண்டு மடங்கானால் லக்ஸ் நான்கில் ஒன்றாகும்.

சைக்கிள் ஓட்டுகிறவருக்கு வேண்டியது சாலையில் விழும் லக்ஸ். அட்டையில் போடுவதோ லுமன். அதையும் அளந்து போடுவது அபூர்வம்.

பிரிக்காமலே போடக்கூடிய கணக்கு

அட்டையில் 1200 எம்ஏஎச் பேட்டரி என்று இருக்கிறது. 1.2 × 3.7 = சுமார் 4.4 வாட்-மணி. மலிவு லைட்டின் எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லுமன் தரும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1000 லுமனுக்கு 10 வாட் வேண்டும். 4.4 வாட்-மணியை 10 வாட்டில் எரித்தால் 26 நிமிடத்தில் காலி. 6 மணி நேரம் எரிய வேண்டுமென்றால் சராசரியாக 0.73 வாட்தான் செலவழிக்கலாம். அது 73 லுமன். இரண்டு எண்களும் ஒரே லைட்டில், ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லை.

பிறகு எப்படி அச்சடிக்கிறார்கள்? டார்ச்சுகளுக்கான அமெரிக்கத் தர அளவீடு எஃப்எல்1 என்பது. அதன்படி, போட்ட 30-வது நொடியில் இருந்த வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எரியும் நேரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதாவது முறையாக அளந்தவர்கூட மங்கலான வாலையும் சேர்த்தே கணக்கு காட்டுகிறார். மலிவுச் சரக்கில் அந்த அளவுக்கும் யாரும் மெனக்கெடுவதில்லை.

‘டி6’ என்பதும் எல்.இ.டி.யின் பெயர் கிடையாது. கிரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் எல்.இ.டி.களைப் பிரகாசம் பார்த்துத் தரம் பிரிக்கும்போது ஒரு கூடைக்கு இட்ட அடையாளம் அது. அந்தத் தரத்து எல்.இ.டி. 700 மில்லி ஆம்பியரில் குறைந்தது 280 லுமன் தர வேண்டும். இன்று அதே உருவத்தில் இருக்கும் எந்தச் சதுர எல்.இ.டி.க்கும் டி6 என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள்.

எவ்வளவு இருந்தால் போதும்?

தடையைப் பார்த்து நிற்க எவ்வளவு தூரம் தேவை என்பதிலிருந்து வர வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 5.6 மீட்டர் நகர்கிறோம். கண்டு, சுதாரித்து, பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி. அதற்குள் 8 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக 13, 14 மீட்டர் தெளிவாகத் தெரிந்தால் சமதளத்துக்குப் போதும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறக்கத்தில் 35 கிலோமீட்டரில் விட்டால் அதே கணக்கு 30 மீட்டரைத் தாண்டும். மழையில் இரும்பு ரிம்மில் ரப்பர் பிரேக் வழுக்கும்போது அதுவும் போதாது. அந்த இறக்கத்தில் எந்த 400 ரூபாய் லைட்டையும் நம்பி வேகம் எடுக்கக் கூடாது.

ஜெர்மனியில் சைக்கிள் முன்விளக்குக்கு விதியே உண்டு: 10 மீட்டர் தூரத்தில் மிகப் பிரகாசமான இடத்தில் குறைந்தது 10 லக்ஸ், எதிரே வருபவர் கண்ணுக்கு நேராக வரும் மேற்பகுதியில் 2 லக்ஸுக்கு மேல் கூடாது. அந்தப் பழைய 6 வோல்ட், 3 வாட் டைனமோவை நினைத்துப் பாருங்கள். அது 2.4 வாட் பல்பு ஒன்றை முன்னால் எரித்துத்தான் ஊர்ப்பட்ட இருட்டைக் கடந்தது. எல்.இ.டி. அதே வாட்டில் பல மடங்கு ஒளி தரும். 150 முதல் 200 உண்மையான லுமன், கீழ்நோக்கி, கடைசி வரை ஒரே மாதிரி விழுந்தால் கிராமச் சாலைக்குத் தாராளம்.

சோதனைகள்

1. பேட்டரியின் உண்மையான அளவு. லைட்டைத் தானாக அணையும் வரை எரியவிட்டு, யுஎஸ்பி மீட்டர் வழியாக முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். மலிவு லைட்டுகளில் இருப்பது பெரும்பாலும் டிபி4056, டிபி4054 போன்ற லீனியர் சார்ஜர் ஐசி. உள்ளே போகும் ஆம்பியரும் செல்லுக்குப் போகும் ஆம்பியரும் அதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே மீட்டர் காட்டும் எம்ஏஎச் அப்படியே செல்லின் அளவு. அட்டையில் 1200, மீட்டரில் 600 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

2. சார்ஜ் நிற்கிறதா? இதை விடவே கூடாது. சில லைட்டுகளில் சார்ஜர் ஐசியே இருக்காது. ஒரு டயோடு, ஒரு ரெசிஸ்டர் மட்டும். முழு சார்ஜ் ஆனதாக விளக்கு காட்டியதும் செல் முனைகளில் வோல்ட் பாருங்கள். 4.15 முதல் 4.22 வரை சரி. 4.25-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே பிடுங்கிவிடுங்கள். லித்தியம் செல் வீங்குவதும் பற்றிக்கொள்வதும் இந்த வழியில்தான் நடக்கும். பாதுகாப்பு ஐசியோடு சேர்ந்த டிபி4056 போர்டு 30, 50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வைக்காமல் அந்த லைட்டை மறுபடி சார்ஜில் போடக் கூடாது.

3. எல்.இ.டி.க்குப் போகும் ஆம்பியர். மீட்டரை வரிசையில் செருகி அளந்தால் மீட்டரின் வயரும் உள் ரெசிஸ்டரும் சேர்ந்து 0.1, 0.2 ஓம் கூட்டிவிடும். இந்த லைட்டில் செல் தரும் வோல்ட்டில் எல்.இ.டி.க்குப் போக மிச்சமிருப்பதே ஒரு வோல்ட்தான் என்பதால் அந்த 0.2 ஓம் கணக்கைக் கெடுக்கும். மாறாக, போர்டில் இருக்கும் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கு இடையே வோல்ட் அளந்து ஓமால் வகுங்கள். எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை. லைட்டை டிம்மில் வைக்காமல் முழு வெளிச்சத்தில் வைத்து அளக்க வேண்டும்.

4. அணைத்து வைத்தாலும் குடிக்கிறதா? இதற்கு மட்டும் மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் வரிசையில் அளக்கலாம். 50 மைக்ரோ ஆம்பியர் என்றால் 1200 எம்ஏஎச் தீர இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். 2 மில்லி ஆம்பியர் என்றால் 25 நாளில் செல் செத்திருக்கும். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் எடுத்தால் எரியாத லைட்டுகளின் ரகசியம் பல நேரம் இதுதான்.

5. மங்கும் வேகம். இருட்டறையில் 3 மீட்டர் தள்ளிச் செல்போனை நிறுத்தி, லக்ஸ் காட்டும் செயலியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனின் சென்சார் துல்லியமாக இருக்காது. முதல் எண்ணோடு ஒப்பிடத்தான் அது. ஒன்பதால் பெருக்கி நூறால் வகுத்தால் 10 மீட்டர் கணக்கு தோராயமாக வரும். அந்த 10 லக்ஸ் அளவுக்கு 3 மீட்டரில் 110 லக்ஸ் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஓடும் சைக்கிளுக்குக் காற்று உண்டு, மேசைக்குக் கிடையாது.

6. தண்ணீர். போர்டைக் கழற்றிவிட்டு உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து மூடி, மூடியில் துளையிட்ட பாட்டிலால் ஐந்து நிமிடம் எல்லாப் பக்கமும் பீய்ச்சுங்கள். ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தாங்கும் தரம் இவ்வளவுதான்: எல்லாத் திசைச் சாரலையும் தாங்க வேண்டும். காகிதம் எங்கே நனைந்திருக்கிறதோ அதுதான் ஓட்டை. சுவிட்சும் யுஎஸ்பி மூடியுமே வழக்கமான குற்றவாளிகள்.

உள்ளே பார்த்தால்

முன்வளையத்தைத் திருகிக் கழற்றினால் கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு. அதில் எட்டுக்கால் கறுப்பு ஐசி ஒன்று; மோட் மாற்றுவதும் டிம் செய்வதும் அது. பக்கத்தில் மின் சுவிட்சாக வேலை செய்யும் மூன்றுகால் மாஸ்ஃபெட். அதற்கருகில் அரிசியை விடச் சற்றுப் பெரிய ரெசிஸ்டர்கள் மூன்று, அருகருகே. ஒவ்வொன்றின் முதுகிலும் ‘3ஆர்3’ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3.3 ஓம் என்று பொருள். மூன்றும் இணையாக இருப்பதால் மொத்தம் 1.1 ஓம். சுற்றியுள்ள பச்சைப் பூச்சு பழுப்பேறியிருந்தால் கதை முழுதும் அங்கேயே எழுதியிருக்கிறது.

எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். முழு சார்ஜில் செல் 4.1 வோல்ட் தருகிறது. மிஞ்சும் ஒரு வோல்ட் 1.1 ஓமில் விழுந்து 0.9 ஆம்பியர் ஓடும். செல் 3.6 வோல்ட்டுக்கு இறங்கியதும் மிச்சம் 0.6 வோல்ட்தான், ஆம்பியர் 0.55 ஆகிவிடும். 3.3 வோல்ட்டில் 0.3-ஐ ஒட்டி. எந்த ஐசியும் இதைத் தடுத்து நிறுத்துவதில்லை. நீங்கள் பார்த்த அந்த மங்கல் இதுதான்.

சூடும் இதில் சேரும். 0.9 ஆம்பியரில் எல்.இ.டி. 2.8 வாட் தின்னும். அதில் சுமார் 2 வாட் வெப்பமாகத்தான் போகும். அலுமினியம் பிளாஸ்டிக்கை விடச் சுமார் ஆயிரம் மடங்கு வெப்பம் கடத்தும். இந்த லைட்டின் உடலோ பிளாஸ்டிக், எல்.இ.டி. ஒட்டியிருப்பது இருபக்க டேப்பில். சூட்டினால் வெளிச்சம் உடனே குறைவது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான், ஆனால் எல்.இ.டி. நீலம் பாய்ந்து ஆயுள் சுருங்குவது இதனால்தான்.

திருத்தங்கள், செய்ய வேண்டிய வரிசையில்

1. முதலில் வெப்பம் வெளியேற வழி. பியூஸ் போன 9 வாட் எல்.இ.டி. பல்பு இல்லாத வீடு இல்லை. அதைத் திறந்தால் உள்ளே ஒரு வட்ட அலுமினியத் தகடு இருக்கும். அதிலுள்ள எல்.இ.டி.களைச் சுரண்டிவிட்டு, லைட்டுக்குள் பொருந்தும் அளவில் வெட்டி, எல்.இ.டி. போர்டுக்குப் பின்னால் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகாணியால் இறுக்குங்கள். பேஸ்ட் பொட்டு அளவு போதும். அள்ளிப் பூசினால் அதுவே தடையாகும். தகட்டின் ஓரம் எல்.இ.டி.யின் ஈயப் பற்றில் பட்டால் ஷார்ட், மறக்க வேண்டாம்.

2. ஆம்பியரைக் குறைத்தல். மூன்று ரெசிஸ்டரில் ஒன்றை எடுத்துவிட்டால் போதுமென்று தோன்றும். ஆம்பியர் 0.9-லிருந்து 0.68-க்கு இறங்குவது உண்மைதான். ஆனால் எல்.இ.டி. வோல்ட் சற்றுக் குறைய, செல்லும் சற்று நிமிர, மிஞ்சிய இரண்டின் மேல் விழும் வோல்ட் 1.0-லிருந்து 1.13 ஆகும், ஒவ்வொன்றும் 0.30 வாட்டுக்குப் பதில் 0.39 வாட் தாங்க வேண்டியிருக்கும். அந்த அளவு ரெசிஸ்டரின் தகுதியோ 0.25 வாட். குறைத்த பிறகு கருகுவது இப்படித்தான். மூன்றையும் எடுத்துவிட்டு 1.8 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வயர் வைத்து இணைப்பதே சரி. 0.63 ஆம்பியர் வரும். ஆம்பியர் 30 சதவீதம் குறைந்தாலும் வெளிச்சம் அந்த அளவு குறையாது. குறைந்த ஆம்பியரில் எல்.இ.டி. சிக்கனமாக வேலை செய்யும். கண்ணுக்கோ வித்தியாசமே பிடிபடாது.

3. இன்னும் நல்ல வழி, ரெசிஸ்டருக்குப் பதில் ஏஎம்சி7135 ஐசி. ஒவ்வொன்றும் 350 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது, பேட்டரி இறங்கினாலும் குறையவிடாது, தனக்கென 0.12 வோல்ட் இருந்தால் போதும். இரண்டை இணையாக வைத்தால் 0.7 ஆம்பியர், செல் 3.2 வோல்ட் தொடும் வரை ஒரே வெளிச்சம். உண்மையான 1200 எம்ஏஎச் செல்லில் ஒன்றரை மணிக்கு மேல் வரும். ஒன்று மட்டும் வைத்தால் மூன்று மணிக்கு மேல். ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்து முக்கால் மணி ஓட்டுகிறவருக்கு இரண்டு வைப்பதே பொருத்தம். பழைய ரெசிஸ்டர் எல்.இ.டி.யின் நெகட்டிவுக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் நடுவில் இருந்தால்தான் இது நேராகப் பொருந்தும்: வெளியீட்டுக் கால் எல்.இ.டி. நெகட்டிவுக்கு, நடுக்காலான கிரவுண்ட் மாஸ்ஃபெட் பக்கம், மற்றது பாசிட்டிவுக்கு. ஓரக்கால்களில் எது எதென்று டேட்டாஷீட் பார்த்து உறுதி செய்யுங்கள். மாற்றிவைத்தால் ஐசி போய்விடும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 0.4 வாட் சுடும் என்பதால் நடுக்காலை அகலமான செம்புப் பரப்பில் பற்றவையுங்கள்.

4. செல் மாற்றுதல். 18650 வகை லித்தியம் செல் என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நல்ல செல் பெரும்பாலும் 45 கிராம் சுற்றி இருக்கும். பெரிய அளவு என்று வழக்கமாகக் கிடைப்பதே 3500 எம்ஏஎச் சுற்றுதான். 9900 என்று எழுதியதை எடை போட்டுப் பார்த்தாலே போதும். பழைய லேப்டாப் செல் 2 வோல்ட்டுக்குக் கீழ் கிடந்திருந்தால் உயிர் கொடுக்க முயல வேண்டாம். செல்லின் மேல் நேராக ஈயம் வைப்பது தவறு; பட்டை ஒட்டிய செல்லாக வாங்குங்கள், அல்லது பேட்டரி பேக் கட்டும் கடையில் ஸ்பாட் வெல்டிங் செய்துகொள்ளுங்கள்.

5. டைப்-சி வாய் இருந்தும் புது சார்ஜரில் ஏறாத லைட் உண்டு. எதிரில் லைட் இருப்பதைச் சார்ஜருக்குக் காட்டும் இரண்டு சிசி கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்காமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய அகல யுஎஸ்பி முனையுள்ள வயரில் சார்ஜ் போட்டால் ஏறிவிடும்.

6. அடைப்பு. சுவிட்ச் ஓரம், யுஎஸ்பி வாய் ஓரம் சிலிக்கான் தடவலாம். புளித்த காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் அசிட்டிக் அமிலம் கக்கிச் செம்பை அரிக்கும். நியூட்ரல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

கோணம்

மேலே சொன்ன அத்தனையும் செய்துவிட்டு லைட்டை நிமிர்த்தி மாட்டினால் பயனில்லை. சுவரிலிருந்து சரியாக 5 மீட்டரில் சைக்கிளை நிறுத்துங்கள். லைட் தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருந்தால், சுவரில் ஒளியின் நடுப்பொட்டு 45 சென்டிமீட்டரில் விழ வேண்டும். சாலையில் அது 10 மீட்டரில் போய்ப் படும். எதிரே வரும் பைக்காரர் கண் கூசி வண்டியை உங்கள் பக்கமே திருப்பும் ஆபத்தும் குறையும். லென்ஸுக்கு மேல் கறுப்புத் தகடு வைத்து மறைப்பது பலரும் செய்வதுதான். 25 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 30 மில்லிமீட்டர் தகடு வைத்தாலும், லென்ஸின் கீழ் விளிம்பிலிருந்து கிளம்பும் கதிரை 40 பாகைக்கு மேல்தான் தடுக்கும். கண்ணைக் குத்துவதோ 3, 5 பாகையில் வருவது. தகட்டை விட, பொட்டை அகலவாக்கில் விரிக்கும் ஓவல் லென்ஸ் உருப்படியான மாற்றம். மார்கழிப் பனியில் தளி, ஓசூர் பக்கம் லைட்டை ஹேண்டிலிலிருந்து இறக்கி ஃபோர்க்கில் கட்டினால் வெள்ளைத் திரை கொஞ்சம் விலகும்.

மினுக்கும் மோட் பகலுக்கும் பின்விளக்குக்கும் ஆகும். இருட்டில் முன்னால் மினுக்கினால் தூரம் கணிக்க முடியாமல் எதிராளியும் தடுமாறுவார், குழியும் கண்ணுக்குத் தப்பும். ஜெர்மனியில் அதற்கு அனுமதியே இல்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி காட்டோரச் சாலைகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது. யானை நிற்கிறது என்று தெரிந்தால் அதன் முகத்தில் வெளிச்சத்தை அடிப்பதோ மினுக்குவதோ கூடாது. லைட்டைத் தரைக்குத் தாழ்த்தி, சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பிவிட வேண்டும்.